அதிகப்படி ஆள்

கிரிக்கெட் அணியின் பட்டியல் பத்திரிகையில் வெளியானால் எல்லோரும் முதல் வரியைத்தான் படிப்பார்கள். யார் தலைவர், யார் உபதலைவர் என்று பார்ப்பார்கள். தங்களுக்குப் பிடித்த பெயர் விட்டுப்போயிருந்தால் காபி ஆறுகிறவரையில் தேர்வுக் குழுவைத் திட்டுவார்கள். எனக்கு மட்டும் ஏனோ கடைசி வரியின் மேல்தான் கண் போகும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் ராஜாவைவிட, பின்னால் நின்று வெண்சாமரம் வீசுகிறவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதில் ருசி அதிகம். இது தொழிலோடு வந்த தோஷம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2020-ஆம் வருஷம் அக்டோபர் 26-ஆம் தேதி அப்படி ஒரு பட்டியல் வந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படும் இந்திய அணி. டெஸ்ட் ஆட்டங்களுக்கு ஒரு பட்டியல், ஒருநாள் ஆட்டங்களுக்கு ஒன்று, இருபது ஓவர் ஆட்டங்களுக்கு ஒன்று. மூன்றும் முடிந்த பிறகு, கல்யாணப் பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று உற்றார் உறவினர் பெயர் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு வரி. அதிகப்படியாக நான்கு பந்துவீச்சாளர்கள் அணியுடன் பிரயாணம் செய்வார்கள் என்றது அந்த வரி. கமலேஷ் நாகர்கோட்டி, கார்த்திக் தியாகி, இஷான் போரல், டி. நடராஜன்.

அணியுடன் போவார்கள், ஆனால் அணியில் இல்லை. ஒரே விமானம், ஒரே ஓட்டல், ஒரே சாப்பாடு. ஆட்டம் தொடங்கினால் மட்டும் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம். இவர்களுக்கு நெட் பவுலர் என்று பெயர். வலைக்குள் நிற்கும் மட்டையாளர் ஆசை தீர அடித்துப் பழகுவதற்காகப் பந்து போட்டுக்கொடுக்கிற உத்தியோகம்.

இதற்கென்று தனியாக ஆள் எதற்கு, அணியிலேதான் பந்து போடுகிறவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். வேகப்பந்து போடுகிறவனின் தோளும் முதுகும் கணக்குப் பார்த்துச் செலவு செய்ய வேண்டிய வஸ்துக்கள். பயிற்சியிலேயே அவற்றைச் செலவழித்துவிட்டால் ஆட்டத்தன்று கையிருப்பு இராது. மட்டையாளருக்கோ பசி தீருவதில்லை. நாளைக்கு எதிரணியில் இடதுகை வேகப்பந்தாளர் இருக்கிறார் என்றால், இன்றைக்கே இடதுகையிலிருந்து கிளம்பும் பந்தை நூற்றுக்கணக்கில் பார்த்துவிட வேண்டும் என்று தவிப்பார். ஆகவே வேறு ஒருவன் தோள் வேண்டும். அவன் களைத்துப் போனால் பரவாயில்லை. நாளைக்கு அவன் ஆடப்போவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாடு பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நம்பெருமாள் சிம்ம கதியிலும் சர்ப்ப கதியிலும் ஆடி அசைந்து வருகிற அழகைக் கண்டு நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். தண்டில் தோள் கொடுத்திருக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளையாவது சிலர் கவனிப்பதுண்டு. தோள் மாற்றிக்கொள்வதற்காகப் பக்கத்திலேயே நடந்து வருகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல்லக்கு வீதி முனை திரும்பாது.

அந்த நான்கு பேரில் நம்முடைய நடராஜன் கதை ஊரறிந்தது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி. தகப்பனார் தறியில் கூலி வேலை பார்த்தவர். தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டிருந்தவர். இருபது வயது வரையில் டென்னிஸ் பந்தில் ஆடித் திரிந்த பிள்ளை. ஊரில் மூத்தவர் ஒருவர், ஜெயப்பிரகாஷ் என்று பெயர், 'இந்தப் பிள்ளை சென்னைக்குப் போக வேண்டியவன்' என்று கண்டுபிடித்தார். அந்த நன்றிக்காகத்தான் நடராஜன் தம் சட்டை முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டுக்கொண்டார். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். கை மடங்குகிறது என்று உடனே புகார். கையைத் திருத்திக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். 2017-இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மறு வருஷம் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. எடுத்துவிட்டு 2018, 2019 இரண்டு பருவமும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் உட்காரவைத்தது. 2020-இல் வாய்ப்பு வந்தபோது 16 விக்கெட். மட்டையாளரின் கால் விரலைக் குறிவைக்கும் அந்த யார்க்கர் பந்துகளுக்காகத்தான் ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி வரியில் அழைத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கதையில் எழுதினால் பத்திராதிபர், 'நம்பும்படியாக இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். அவருடைய இடத்தில் நடராஜன் இருபது ஓவர் அணிக்குள் வந்தார். டிசம்பர் 2-ஆம் தேதி கான்பராவில் ஒருநாள் ஆட்டம். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் இருபது ஓவர் ஆட்டம், மூன்று விக்கெட். டெஸ்ட் தொடர் வந்ததும் மறுபடியும் வலைக்கே திரும்பி, பந்து போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பும்ரா, அஸ்வின், ஜடேஜா என்று ஒவ்வொருவராகக் காயம்பட்டு விழ, 2021 ஜனவரி 15-ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பியும் கிடைத்தது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் முதன்முதலாக இறங்கிய இந்தியர் அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

அதே டெஸ்டில் இன்னொரு தமிழ்நாட்டுப் பிள்ளையும் முதல் தொப்பி வாங்கினார். வாஷிங்டன் சுந்தர், இருபது ஓவர் ஆட்டங்கள் முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியவர். 'வலையில் பந்து போட ஆள் வேண்டும், இருந்துவிட்டுப் போ' என்று நிறுத்திவைத்தார்கள். மூன்று வருஷமாக முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர் அவர். முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட் எடுத்தார். மட்டை பிடித்து 62 ஓட்டமும் அடித்தார். அன்று இந்தியாவின் ஐந்து பந்துவீச்சாளர்களும் அதற்கு முன் ஆடியிருந்த டெஸ்டுகளை எல்லாம் கூட்டினால் 4 தான் வரும். அவர்களை வைத்துக்கொண்டு, 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றே அறியாத மைதானத்தில் இந்தியா வென்றது.

நடராஜனுக்கு வழிவிட்ட வருண் சக்கரவர்த்தியே வலையிலிருந்து வந்தவர்தான். கட்டடக் கலை படித்து, அந்த உத்தியோகத்தையும் பார்த்து, விட்டுவிட்டு, சென்னை அணிக்கும் கொல்கத்தா அணிக்கும் நெட் பவுலராகப் பந்து போட்டவர். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்று ஆட்டங்களில் 9 விக்கெட் எடுத்து, இந்தியா கோப்பையை வெல்லக் கை கொடுத்தார். 2021 செப்டம்பரில் நடராஜனுக்குக் கொரோனா வந்தது. அவர் இடத்தில் ஹைதராபாத் அணி யாரை எடுத்துக்கொண்டது தெரியுமோ? தன்னுடைய நெட் பவுலராக இருந்த ஜம்முவின் பழக்கடைக்காரர் மகன் உம்ரான் மாலிக்கை. ஒருவருடைய தோள் வலி இன்னொருவருக்கு வாசலாகிறது. அவருடைய காய்ச்சல் மூன்றாமவருக்கு வாசலாகிறது.

வழக்கமாக இந்த இடத்தில் கட்டுரையை முடித்து, 'ஆகவே இளைஞர்களே, நம்பிக்கையோடு இருங்கள்' என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கடைசி வரியில் இருந்தது நான்கு பெயர். நாகர்கோட்டி உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காகப் பயணம் போகவே இல்லை. இஷான் போரலுக்குத் தொடைத் தசையில் காயம். பாதியில் ஊர் திரும்பினார். கார்த்திக் தியாகி பயணம் முடியும் வரையில் வலையிலேயே பந்து போட்டார். அந்தப் பயணத்தில் நான்கு பேரில் இந்தியாவுக்கு ஆடியது ஒருவர். ஒருவரைப் பற்றி நாம் ஆயிரம் பக்கம் எழுதுகிறோம். மற்ற மூவருக்குக் கடைசி வரியில் பாதி மிச்சம்.

நம் நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அங்கே முப்பது பெரிய அணிகள். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி பாதியில், வடக்கே பனி கொட்டுகிற காலத்தில், பாதி அணிகள் பிளாரிடாவுக்கும் பாதி அணிகள் அரிஸோனாவுக்கும் போய் வசந்த காலப் பயிற்சி முகாம் போடும். ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. கோடைப் பருவம் தொடங்கும்போது அதிலிருந்து 26 பேர்தான் களத்துக்குரியவர்கள். ஆனால் முகாமில் போய்ப் பார்த்தால் பட்டியலில் இல்லாத முகங்கள் ஏராளமாக இருக்கும். எல்லாம் சிறிய லீக் அணிகளில் ஆடும் பிள்ளைகள், அல்லது ஒருகாலத்தில் பெரிய லீக்கில் ஆடி இறங்கிப்போன மூத்தவர்கள். 'பட்டியலில் இல்லாத அழைப்பாளிகள்' என்று அவர்களைச் சொல்கிறார்கள்.

அழைப்பாளிகளில் கேட்சர் என்னும் பந்து பிடிப்பவர்கள் நிறைய இருப்பார்கள். காரணம் வெகு சாதாரணம். முகாம் தொடங்கியதும் பந்து எறிகிறவர்கள் அத்தனை பேரும் எறிந்து பழக வேண்டும். எறிந்த பந்தைப் பிடிக்க எதிரே ஒருவன் குந்தி உட்கார வேண்டும். பட்டியலில் உள்ள கேட்சர்கள் மூன்று நான்கு பேர்தான். அத்தனை பேருடைய பந்தையும் அவர்களே பிடித்தால் பருவம் தொடங்குமுன் முழங்கால் போய்விடும். ஆகவே சிறிய லீக்கிலிருந்து ஆள் வருகிறது. அழைப்புக் கடிதத்தில் 'பெரிய முகாமுக்கு வருக' என்றுதான் இருக்கும். 'எங்களுக்குக் குந்தி உட்கார முழங்கால் குறைகிறது' என்று இராது.

நம்மவர்கள் இருவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததும் உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளைகள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள்; பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. இந்தியாவில் வேகமாகப் பந்து எறிகிறவர்களைத் தேடி நடத்திய போட்டியொன்றில் 2008-இல் தேறி, அந்த வருஷ நவம்பரில் பிட்ஸ்பர்க் அணியின் சிறிய லீக் ஒப்பந்தம் பெற்று, மறு வருஷம் பிளாரிடாவில் பயிற்சிக்கு நின்றார்கள். இருவரும் பெரிய லீக்கைத் தொடவில்லை. தினேஷ் 2010-இல் ஊர் திரும்பினார். ரிங்கு சில வருஷங்கள் தாக்குப்பிடித்து, கை காயத்தினால் ஒதுங்கி, பிறகு மல்யுத்தத்துக்குப் போனார். இருந்தாலும் அவர்கள் கதை சினிமாவாக வந்தது, 2014-இல்.

இவ்வளவையும் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் என் அக்கா பிள்ளை.

அக்கா குடும்பம் ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். பையன் பி.காம். முடித்திருந்தான். இடதுகைச் சுழற்பந்து போடுவான். விடியற்காலையில் கொள்ளிடக் கரையில் ஓடுவான்; சனிக்கிழமைகளில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து இந்தப் பக்கம் வந்து, மலைக்கோட்டைப் படிகள் நானூற்றுச் சொச்சத்தையும் ஏறி இறங்கிவிட்டு, வடக்கு ஆண்டார் வீதியில் என் வீட்டுத் திண்ணையில் வேர்த்துக்கொண்டு உட்காருவான். பிள்ளையாரைப் பார்த்தாயா என்று கேட்டால், "டயம் ஆயிடுத்து மாமா, வாசல்லேர்ந்து கும்பிட்டுட்டேன்" என்பான். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆரம்பமானபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு பிப்ரவரியில், சென்னையிலிருந்து அவனுக்கு டெலிபோன் வந்தது. ஐ.பி.எல். அணி ஒன்று முகாம் போடுகிறது. நெட் பவுலராக மூன்று வாரம் வர முடியுமா? தங்க இடம், சாப்பாடு, தினப்படி எல்லாம் உண்டு. மாவட்ட ஆட்டம் ஒன்றில் இவனைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். எந்த அணி என்பது இங்கே அவசியமில்லை.

சங்கடம் என்னவென்றால், அதே சமயத்தில் அவனுக்கு ஒரு வேலையும் தகைந்திருந்தது. கன்டோன்மென்டில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிற வேலை. மார்ச் முதல் தேதி சேர வேண்டும். அத்திம்பேர் ஓய்வு பெற்றுவிட்டவர். அக்கா எனக்கு ஆள் அனுப்பினாள்.

நான் போனபோது கூடத்தில் ஊஞ்சல் நின்றிருந்தது. அந்த வீட்டில் ஊஞ்சல் நின்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"நீ சொல்லுடா. உனக்குத்தான் பட்டணத்து மனுஷா பழக்கமெல்லாம் தெரியுமே" என்றாள் அக்கா.

அத்திம்பேர் எப்போதும் சுருக்கமாகப் பேசுகிறவர். "மூணு வாரம் முடிஞ்சதும் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

பையன் பதில் சொல்லாமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்டேன்: "உன்னை எதுக்குக் கூப்பிட்டிருக்கா, தெரியுமோ?"

"தெரியும் மாமா. இந்த வருஷம் எல்லா டீம்லேயும் இடதுகை ஸ்பின்னர் இருக்கா. பிராக்டிஸ் பண்ண இடது கை வேணும்."

"அப்போ உன்னைக் கூப்பிடலை. உன் கையைக் கூப்பிட்டிருக்கா."

"கையோட நானும்தானே போவேன்!" என்றான்.

அதற்கு என்ன சொல்வது? சிரித்துவிட்டேன். அத்திம்பேர்கூட மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. "நடராஜனும் அப்படித்தானே போனார், மாமா" என்று அவன் அடுத்தாற்போல் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது. வாசல் இருப்பது உண்மை. ஒருவர் நுழைந்ததும் உண்மை. நாலில் ஒருவர் என்று கணக்குச் சொல்லி இருபத்தோரு வயதுப் பிள்ளையை நிறுத்த முடியுமா? நிறுத்தினால், எழுபது வயது வரையில் அவன் மனம் அந்த மூன்று வாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். "போய்விட்டு வா. வேலைக்குப் போவதுபோலப் போ, கல்யாணத்துக்குப் போவதுபோலப் போகாதே" என்றேன். அத்திம்பேர் எழுந்து உள்ளே போனார். அது அவர் பாஷையில் சம்மதம்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிப் போனான். நிதி நிறுவனம் மூன்று வாரம் காத்திருக்கவில்லை. வேறு ஆளை வைத்துக்கொண்டது. அதில் நியாயம் அவர்கள் பக்கம்.

திரும்பி வந்தவனைப் பார்த்தேன். நடுவிரல் தோல் உரிந்து, கட்டுப் போட்டிருந்தான். கறுத்து, இளைத்து, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. காலையும் மாலையும் பந்து போட்டானாம். பெரிய மட்டையாளர் ஒருவர், நாமெல்லாம் டெலிவிஷனில் பார்க்கிறவர், இவனுடைய பந்தை அடுத்தடுத்து இரண்டு தடவை தவறவிட்டாராம். பிறகு இவனைக் கூப்பிட்டு, 'அதே பந்தை இன்னொரு தடவை போடு' என்றாராம். அதைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் தழுதழுத்தது. கோயிலில் பட்டாச்சாரியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சடாரி சாதித்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

"கடைசி நாள் என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"கவர்லே பணம் போட்டுக் குடுத்தா. டீம் பனியன் குடுத்தா. 'தாங்க்ஸ், கூப்பிடறோம்'னு சொன்னா."

கூப்பிடுகிறோம்! நம் சமூகத்தில் இந்த வார்த்தைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்பார்கள். பிடிக்கவில்லை என்பதற்கு அதுதான் மரியாதையான பாஷை என்று பெரியவர்களுக்குத் தெரியும். பெண்ணுக்குத் தெரியாது. அவள் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசல் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் வந்து நிற்பாள்.

எங்கள் தொழிலிலும் இது உண்டு. என் இளமையில் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பும்போது, திரும்பி வருவதற்குத் தபால்தலையும் வைத்து அனுப்புவது முறை. கதை திரும்பி வந்தால் ஒருநாள் துக்கம். சாயங்காலம் சாப்பிடப் பிடிக்காது; மறுநாள் காலையில் அடுத்த கதை ஆரம்பித்துவிடுவேன். திரும்பியும் வராமல், பிரசுரமும் ஆகாமல் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்த கதைகள்தான் என்னை மாதக்கணக்கில் ஒன்றும் எழுதவிடாமல் செய்தன. 'வேண்டாம்' என்ற வார்த்தை காயம்தான், காயம் ஆறும். 'பார்க்கலாம்' என்பது நமைச்சல், அது ஆறுவதில்லை.

அக்கா பிள்ளைக்கும் அந்த நமைச்சல் பிடித்தது. வேறு வேலை பார்க்கலாமே என்றால், "பிப்ரவரியிலே கூப்பிடுவா, அதுக்குள்ளே எங்கேயாவது மாட்டிண்டா லீவு குடுக்க மாட்டா" என்பான். டெலிபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். குளிக்கப் போனால் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். புரட்டாசி போயிற்று, வைகுண்ட ஏகாதசி போயிற்று, தை போயிற்று. பிப்ரவரியும் வந்துவிட்டுப் போயிற்று. டெலிபோனில் கடன் வேண்டுமா என்று கேட்டவர்கள்தான் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னாள்: "தினப்படி குடுத்தா, சாப்பாடு போட்டா, ஒரு குறையும் சொல்ல முடியாது. நீ இதுக்கு லாயக்கில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அழுதுட்டு எழுந்திருப்பான். இல்லே, இன்னும் ரெண்டு வருஷம் பாடுபட்டா லாயக்காவேன்னு சொல்லியிருந்தாலும் பாடுபட்டிருப்பான். ரெண்டும் சொல்லாம அனுப்பிட்டாளேடா!"

அக்கா எட்டாவதுக்கு மேல் படித்தவள் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவளைவிடத் தெளிவாகச் சொன்னவர்களை நான் பார்க்கவில்லை.

பேஸ்பால் முகாம்களைப் பற்றி நான் படித்ததில் என் மனத்தைத் தொட்டது ஒன்று உண்டு. பருவம் நெருங்க நெருங்க ஆட்களைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். குறைக்க வேண்டியவரை அணியின் மானேஜர் தம் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நேருக்கு நேராகச் சொல்லுவது அங்கே வழக்கம். அந்த அறைக்குப் போகும் நடை ஆட்டக்காரர்களுக்கு எமலோக யாத்திரை. ஆனாலும் அறையிலிருந்து வெளியே வருகிறவனுக்கு, தான் நிற்கிற இடம் எது என்று தெரிந்திருக்கும். அதற்காக அமெரிக்காக்காரர்கள் எல்லாம் தர்மராஜாக்கள் என்று சொல்லவில்லை. வசந்த முகாமில் பாடுபட்ட சிறிய லீக் பிள்ளைகளுக்கு வெகு காலம் சம்பளமே கிடையாது. ஆட்டக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போய், வருஷக்கணக்கில் வழக்காடி, 2022-இல் 18 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க லீக் நிர்வாகம் சம்மதித்த பிறகுதான் அந்தக் கணக்கு ஒரு வழிக்கு வந்தது. அங்கே வார்த்தை இருந்தது, கூலி இல்லை. இங்கே கூலி இருந்தது, வார்த்தை இல்லை. இரண்டும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதிகப்படி ஆளைக் கூப்பிடுவது தர்மமும் இல்லை, தப்பும் இல்லை. முகாமுக்கு அவன் அவசியம். முகாம் அவனுக்கு ஆசை. அவசியமும் ஆசையும் சந்திக்கிற இடத்தில் பேச்சு நேர்மையாக இருக்க வேண்டும். மூன்று வாரம் ஒருவன் பந்து போடுவதைப் பார்த்த பயிற்சியாளருக்கு அவனைப் பற்றி ஓர் அபிப்பிராயம் கட்டாயம் ஏற்பட்டிருக்கும். அதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். பனியனையும் கவரையும் கொடுக்கிற கை, அந்த இரண்டு நிமிஷத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சொல்லுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும், உண்மைதான். அந்தச் சங்கடத்தை அவர் இரண்டு நிமிஷம் படாவிட்டால், அதைப் பிள்ளை ஒரு வருஷம் படுகிறான்.

பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூப்பிட்டால் அனுப்புங்கள். வலையில் போட்ட பந்து வீணாவதில்லை. 2021-இல் இலங்கைக்குப் போன இந்திய அணியில் கொரோனா புகுந்து பலர் தனிமைப்பட்டபோது, கூடப் போயிருந்த ஐந்து நெட் பவுலர்களையும் அணியில் சேர்த்தார்கள். சந்தீப் வாரியருக்கு ஆட வாய்ப்புக் கிடைத்தது. நம் சாய் கிஷோருக்கு அந்தத் தடவை கிடைக்கவில்லை. அவர் ஊர் திரும்பி, தமிழ்நாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தார். 2023 அக்டோபரில் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில்தான் இந்தியாவுக்காக முதன்முதலில் இறங்கினார். காத்திருந்தார் என்று சொல்வதைவிட, ஆடிக்கொண்டிருந்தார் என்று சொல்வதே பொருத்தம். டெலிபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வது காத்திருப்பு. காலையில் எழுந்து மைதானத்துக்குப் போவது ஆட்டம். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசத்தை அனுப்புகிற அன்றைக்கே சொல்லிவைக்கலாம்.

அக்கா பிள்ளைக்கு அதை யார் சொன்னார்களோ தெரியாது, தானாகவே எழுந்துவிட்டான். இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்தில் பக்கத்துப் பையன்களுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறான். போன மாதம் ஒரு ஞாயிறு நானும் போய் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வலையில் மட்டை பிடிக்க ஆறு பேர் நின்றார்கள். பந்து போட ஆள் போதவில்லை. வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "போடறியாடா?" என்றான். அந்தப் பையன் இரண்டு மணி நேரம், மூக்கில் வேர்வை சொட்டச் சொட்டப் போட்டான்.

முடிந்ததும் அவனைத் தனியே அழைத்துக்கொண்டு போய், மண்டியிட்டு, முகத்துக்கு நேராகச் சொன்னான்: "உன் பந்து நன்னாத் திரும்பறது. ஆனா பாதிப் பந்து எங்கேயோ விழறது. இப்போ உன்னை டீம்லே சேர்த்துக்க முடியாது. ரெண்டு மாசம் சுவத்துலே ஒரு கோடு போட்டுண்டு, அதுலேயே போட்டுப் பழகு. அப்புறம் வா, பார்த்துட்டுச் சொல்றேன்."

பையனின் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "கோடு எவ்வளவு உயரத்துலே அண்ணா?" என்று கேட்டான்.